டீச்சரிடம் மட்டும் சொன்னது

ஜன. 6, திங்கள்
பனி. துணி காயவில்லை. மாதுளை, நொய் வாங்க வேண்டும்.
அவர் சர்க்கரை ஆலை எடைமேடை வேலைக்குக் கிளம்புமுன் மூன்று தடவை கக்கூஸ். ரத்தம் போகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு?" பிறகு கொல்லையில் நின்று போனில், "மூணு வாட்டி டீச்சர். ரத்தம் கம்மிதான்."
டீச்சர் என்றால் ஸ்டெல்லா. கரியாலூர் பள்ளிக்கூடம். இவருக்குள்ள அதே பெருங்குடல் புண் அவளுக்கும். ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கம். பதினோரு வருடமாக இவரோடு குடித்தனம் பண்ணுகிறவள் நான்.

ஜன. 8, புதன்
அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். ஆசை வார்த்தை ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லாம் மலம், சளி, மாத்திரை. கடைசியில், "ஒடம்பெல்லாம் அரிக்குது. வூட்ல சொல்லல."
கொசுக்கடி என்றார் என்னிடம். நானும் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜன. 9, வியாழன்
ரசத்தில் வேண்டுமென்றே மிளகாய் கூடுதலாகப் போட்டேன். பேசாமல் சாப்பிட்டார். இரண்டு வாய்க்கு மேல் பார்க்க முடியவில்லை. தட்டைப் பிடுங்கிக் கொட்டினேன்.

ஜன. 11, சனி
காலை பத்துக்கு ஸ்டெல்லா எனக்கே போன். "அக்கா, அண்ணனுக்குக் குளிர் ஜுரமாம். மூத்திரம் டிகாக்சன் மாரி போவுதாம். கண்ணப் பாருங்க. இன்னிக்கே கூட்டிக்கினு போங்க."
"எங்கிட்ட சொல்லாதத உங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றாரு?" கேட்டேவிட்டேன்.
"எனுக்கும் அதே நோவுதானக்கா. எங்கிட்ட சொல்ல அவருக்கு வெக்கம் இல்ல."
போய்ப் பார்த்தேன். கண் மஞ்சள். போர்வைக்குள் நடுக்கம். ஆட்டோ. கள்ளக்குறிச்சி.

ஜன. 12, ஞாயிறு
வார்டு. டிரிப்ஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறதாம், கல்லீரலின் பித்தக் குழாயையும் விடவில்லையாம். குழாய் சுருங்கி, அடைத்து, கிருமி. "இந்தக் குடல் நோய் இருக்கிற சில பேருக்கு இதுவும் சேர்ந்து வரும்மா. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர்.
அவளால்தான் பிழைத்தார். நன்றி சொல்ல நம்பரை எடுத்தேன். போட மனசு வரவில்லை.

ஜன. 13, திங்கள்
ஜுரம் இறங்கியது. விடிந்ததும் என் கையைப் பிடித்தார். "செல்வி, படுக்கையிலயே போய்ட்டன்."
வெந்நீர், துணி, வேறு லுங்கி. துடைத்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "டீச்சர்கிட்ட மட்டும் சொல்லாத."
எட்டு மணிக்கு அவள் போன். "அண்ணன் எப்பிடி கீறாரு? ராத்திரி இன்னா ஆச்சி?"
"ஜுரம் இல்ல டீச்சர். நல்லா கீறாரு," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.