சுடாத கை

திருவண்ணாமலை,
11-11-1979, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் நம் பையன் அருணகிரியும் அத்தையும் நலம். லடாக்கில் குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாளாக இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இதை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை. நீங்களும் கூடாரத்தில் யாரிடமும் காட்டாதீர்கள்.

உண்ணாமலையை மறந்திருக்க மாட்டீர்கள். வைகாசியில் நீங்கள் லீவில் வந்திருந்தபோதுதான் நம் மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து ஊர் அடி அண்ணாமலைப் பெண், பதினாறு வயது. கொதிக்கிற இட்லிக் குண்டானைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்குவாளே, அவள்தான். "இவளை எங்க பட்டாளத்துச் சமையலுக்கு அனுப்பிடு, எதிரி பார்த்தாலே ஓடிடுவான்" என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். பேங்க் ராமகிருஷ்ணன் சார் அதைப் பார்ப்பதற்காகவே அடுப்படி ஓரமாக உட்காருவார். "அது கை இல்லம்மா, இடுக்கி" என்பார். நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். நான் அடுப்படியில் பிடிதுணி வைப்பதையே விட்டுவிட்டேன். இப்படி ஒருத்தி கிடைத்தாளே என்று பெருமை வேறு. வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சுடாது என்று நம்புவது நமக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது!

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தோசைக்கல் பக்கம் நின்று அருணகிரிக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். கருகிய வாசனை வந்தது. "தோசை கருகுது பாருடி" என்றேன். "இல்லியேக்கா, நல்லாத்தானே கீது" என்றாள். தோசை கருகவில்லை. அவள் இடது கை கல்லின் ஓரத்தில் ஊன்றியிருந்தது. அந்தக் கைதான் கருகிக்கொண்டிருந்தது. அவள் கதையை நிறுத்தக்கூட இல்லை.

கையை இழுத்துத் தண்ணீரில் விட்டேன். எப்போதும் நீளக் கை ரவிக்கைதான் போடுவாள். அதை மேலே தள்ளியபோது, முழங்கைக்குக் கீழே வெளுத்த தேமல் ஒன்று, நாலணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக. அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுக் கொண்டை ஊசியால் குத்தினேன். "குத்துங்கக்கா" என்றாள். குத்தியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. பையனைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அவன் வீறிட்டு அழ அழ, தோல் சிவக்கும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஆறு மாதமாக அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை, அவள் கையால் சோறு தின்ற பிள்ளை. அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு ரெண்டு வருசமா தெரியும்க்கா. தேமல் பாக்குற இன்ஸ்பெக்டரு சைக்கிள் ஊருக்குள்ள வந்தா மல்லாட்டைக் கொல்லையில ஒளிஞ்சிக்குவேன். எங்கக்காவுக்குக் கல்யாணம் பேசிக்கினு இருந்தாங்க" என்றாள்.

அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "பெரிய வியாதிடீ. சாப்பாட்டு ஆளுங்க வர்றதுக்குள்ள அனுப்பிடு. வெளியில தெரிஞ்சா இங்க ஒரு இலை விழாது" என்றார். அனுப்பிவிட்டேன். சம்பளத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. அம்மிமேல் வைத்தேன், எடுத்துக்கொண்டு போனாள்.

மாமா, இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோபுர வாசலில் அதே வியாதிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கரண்டியை உயரத் தூக்கி அவர்கள் தட்டில் சோறு போட்டுவிட்டு, புண்ணியம் என்று வீட்டுக்கு வருகிறோம். உங்கள் அம்மாவும் போடுகிறார், நானும் போட்டிருக்கிறேன். விரல் மழுங்கிப் பிச்சைக்கு உட்கார்ந்தால் கும்பிடுவோம். விரல் நன்றாக இருக்கும்போது வேலை கேட்டு வந்தால் துரத்துவோம். அந்த வரிசைக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறது. நம்மைப்போன்ற வீடுகளிலிருந்துதான்.

செவ்வாய் துரத்தினேன். வெள்ளிக்கிழமை நானே அடி அண்ணாமலைக்குப் போனேன். நடுவில் என்ன நடந்தது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். வீட்டில் அவள் உண்மையைச் சொல்லவில்லை. கண்ணாடி டம்ளர்களை உடைத்துவிட்டதால் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும், "உடைச்சதுக்குச் சம்பளத்துல பிடிச்சிக்கோம்மா, பொண்ணு கை கொஞ்சம் மொரடு" என்று கெஞ்சினாள். உண்ணாமலை தலையைத் தூக்கவே இல்லை. வரப்புவரை கூட வந்தவள், "நான் தம்பியத் தூக்க மாட்டேன்க்கா. பின்னாடி குந்தினு பாத்திரம் மட்டும் தேய்க்கிறேன்" என்றாள். துரத்தினவளிடம் பேரம் பேசுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே அவளை நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

நேற்று அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பையனையும் கொண்டுபோனேன். டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். ஆரம்பம்தான், அடுத்தவருக்குப் பரவும் வகை இல்லை, வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், விரல்கள் தப்பிவிடும் என்றார். பையனுக்கு ஒன்றுமில்லை. ஆனால், "இது இன்னிக்குத் தொத்தி நாளைக்கு வர்ற நோய் இல்லம்மா. வருஷக்கணக்கா உள்ள இருந்துட்டுத்தான் வெளிய தெரியும்" என்றும் சொன்னார். அந்த வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது. பையனைக் குளிப்பாட்டும்போது கோழி இறகால் முதுகைத் தடவிப் பார்க்கிறேன். அவன் கூசிச் சிரிக்கிறவரை விடுவதில்லை.

மெஸ்ஸில் யாராவது இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் சாம்பார் வாளியோடு அவர்கள் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன். உண்ணாமலை கையில் கட்டைப் பார்த்து ராமகிருஷ்ணன் சார், "இடுக்கிக்கே சுட்டுடுச்சா?" என்றார். எண்ணெய் தெறித்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தை அவளோடு பேசுவதில்லை, என்னோடும்தான். இன்னொரு தடவை அவளைத் துரத்தச் சொன்னால் நானும் பிள்ளையோடு போய்விடுவேன் என்று கத்தியிருக்கிறேன். எதற்காக அப்படிக் கத்தினேன் என்று அவருக்குத் தெரியாது.

இன்று காலையில் அருணகிரி அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நானே அவனைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். டாக்டர் சொன்னதை நம்பித்தான் வைத்தேன். ஆனாலும் வைத்த கையை உடனே எடுக்கவில்லை. அதை அவள் பார்த்துவிட்டாள். "பயமா கீதாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்குந்தான்" என்றாள்.

இப்போது உங்கள் கடிதம். விரல் இடுக்கில் பீடி கடைசிவரை எரிந்து தோல் பொசுங்கியதுகூடத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவன் வாசனை பிடித்துக் கத்தினான், எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருந்தீர்கள். வியாழக்கிழமை அதைப் படித்ததும் தோசைக்கல்லில் இருந்த உண்ணாமலையின் கைதான் ஞாபகம் வந்தது. குளிரால் விரல் மரத்துவிட்டது என்கிறீர்கள். குளிராகவே இருக்கட்டும். ஆனால் வைகாசியில் உங்கள் இடது தோளுக்குக் கீழே வெளுத்திருந்த இடத்தில் தேமலுக்கு நல்லதென்று நான்தான் பூவரசங்காய் தேய்த்தேன். எரிகிறதா என்று கேட்டேன். தேய்க்க ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டீர்கள்.

அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் அடி அண்ணாமலைக்குப் போயிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் பட்டாளத்து டாக்டரிடம் தோளையும் விரலையும் காட்டுங்கள். வேலை போய்விடும் என்று மறைக்காதீர்கள். அவள் இரண்டு வருஷம் மறைத்தாள். பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டால் நேராக இங்கே வாருங்கள். இந்த வீட்டிலிருந்து இனி யாரையும் அனுப்புவதாக இல்லை.

உண்ணாமலை பழைய வேட்டியை மடித்து அடுப்படிக்கு நாலு பிடிதுணி தைத்தாள். ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. சூடான டம்ளர் எதுவானாலும் இனி இதைப் போட்டே பிடியுங்கள்.

உங்கள் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
கஸ்தூரி.