நாலு பேருக்கு மூன்று பங்கு

கடமலைக்குண்டு,
பங்குனி 9 (22-3-46)

என் அருமை மகள் பூமாரிக்கு அப்பா ராக்கையா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் பம்பாயில் சுகமாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை என்னால் எழுத முடியவில்லை. உட்கார்ந்துகொண்டு படி ஆத்தா, பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு படி.

உன் அம்மா இறந்துபோனாள். மாசி இருபத்தொன்றாம் தேதி காலையில், வெயில் ஏறும் நேரம். நேற்று முன்தினம் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. மலைக்காய்ச்சல் ஐந்து நாள்தான் அடித்தது, ஊரில் பாதிப் பேருக்கு அடித்தது, மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், இவள் உடம்பில் எழுந்திருக்கத் தெம்பு மிச்சமில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதை எழுதாதே என்று எல்லோரும் தடுத்தார்கள். ஆனால் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக எப்போது வருவீர்கள், அம்மா ஏன் பதிலே சொல்லவில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத வேண்டுமானால் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், இது எப்படி நடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் குற்றம் என்னுடையது.

நீ பம்பாய்க்குப் போன பிறகு, போன ஆனி மாதம், சர்க்கார் ஆட்கள் ரேஷனுக்கு ஆள் கணக்கு எடுக்கிறோம் என்று வீடு வீடாக வந்தார்கள். உங்கள் பம்பாயில் அந்தச் சொல் முன்னமே புழங்கியிருக்கும், எங்களுக்குப் புதிது. ஊரில் அதைத் தெரிந்தவர் முந்தின சண்டையில் பட்டாளத்தோடு கடல் தாண்டி பாஸ்ராவரைக்கும் போய் வந்த முத்துவீரன் மாமா ஒருத்தர்தான். ரேஷன்ங்கிறது பட்டாளத்தான் சோறுல்ல, எவன் பேரு அந்தச் சிட்டையில ஏறுதோ அவனைத் துப்பாக்கி தூக்கச் சொல்லுவாக, பார்த்துக்க ராக்கையா என்று சொன்னார். ஜப்பான் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், உன் அண்ணன் கர்ணனுக்கு இருபது வயது. நான் யோசிக்கவே இல்லை. அவனை வருசநாட்டு மலைக்கு அனுப்பிவிட்டு, மகன் ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திருவாங்கூர்ப் பக்கமே தங்கிவிட்டான், நான், சந்தனம்மாள், சின்ன மகள் முருகம்மாள், மொத்தம் மூன்றே பேர் என்று எழுதிக்கொடுத்தேன். உன் அம்மா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எங்களுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆட்கள் போனதும் கர்ணன் மலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டான். கார்டு வந்த பிறகுதான் அது கடையில் தானியம் அளக்கிற கணக்கு என்று தெரிந்தது. மழை இல்லை, நம் காட்டில் கம்பு கருகிப்போயிற்று, கடையில் அளந்து போடுவதுதான் சாப்பாடு என்று ஆகிவிட்டது. அதுவும் இந்த வருஷம் ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் என்று குறைத்துவிட்டார்கள். பாதி அரிசி, பாதி புழு வைத்த மக்காச்சோளம். கர்ணன் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பெரியகுளம் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன், ஏலத்தோட்டத்திலிருந்து விட்டு வந்ததற்குச் சீட்டு கொண்டு வா என்றார்கள். போகாத தோட்டத்தில் சீட்டு யார் கொடுப்பார்கள்? மனு எழுதித்தந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் சண்முகராஜிடம் ஆத்திரத்தில் கேட்டேன், இந்த ரேஷன்ங்கிற சொல்லுக்கு என்னதான் அர்த்தம் சார் என்று. அவர் சொன்னார், அது இங்கிலீஷிலேயே பிறந்த சொல் இல்லையாம், ரோமாபுரிக்காரர்களின் பழைய பாஷையில் கணக்குப் பார்ப்பது என்று அர்த்தமாம், பிரெஞ்சுக்காரர்கள் வாய் வழியாக வந்து, பட்டாளத்தானுக்கு ஒரு நாளைக்கென்று அளக்கிற சாப்பாட்டுக்குப் பேராகி, சண்டையில் ஊர் சனங்களுக்கும் வந்துவிட்டதாம். அப்படியானால் முத்துவீரன் மாமா சொன்னது பொய்யில்லை, பாதியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத்தான் புத்தியில்லை.

மூன்று பேர் தானியத்தை நாலு பேருக்குப் பொங்கி, நாலாவது ஆளாக உன் அம்மா தன்னையே கழித்துக்கொண்டாள். எப்போது கேட்டாலும் நான் அப்பவே குடிச்சிட்டேன், நீங்க குடிங்க என்பாள். எட்டு மாதம் அதை நம்பினேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, நம்புவது சௌகரியமாக இருந்தது. கர்ணன் என்னோடு பேசுவதில்லை. காரியத்தன்று மட்டும், என்னை ஒளிச்சு வச்சதுக்குப் பட்டாளத்துக்கே விட்டிருக்கலாம், ஆத்தா வயிறு நெறையச் சாப்பிட்டிருக்கும் என்று நாலு பேர் முன்னால் சொன்னான்.

நேற்றுக் கடைக் குமாஸ்தாவிடம் போனேன். அவர் கார்டை வாங்கி சந்தனம்மாள் என்ற பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டெல்லாம் கேட்காமல், அதற்குப் பக்கத்திலேயே கர்ணன் என்று எழுதினார். முன்னும் மூன்று, இப்போதும் மூன்று.

அதனால் சொல்கிறேன் தாயே, இங்கே வராதே. முதல் பிள்ளையைத் தாய் வீட்டில் பெறுவதுதான் வழக்கம், பெற்ற மகளை வராதே என்று எழுதுகிற தகப்பனை ஊர் காறித் துப்பும், துப்பட்டும். உன் பங்கு பம்பாய்க் கார்டில் இருக்கிறது, நீ இங்கே வந்தால் மறுபடி மூன்று பங்கும் நாலு வாயும்தான். உன் தங்கைக்கு ஒன்பது வயதுதான் ஆகிறது, இப்போதே கஞ்சியைத் தள்ளி வைத்து எனக்குப் பசிக்கலைப்பா என்கிறாள். நேற்று அவளை அடித்துக் குடிக்க வைத்தேன். அம்மா போன பிறகு முதல் தடவையாக அப்போதுதான் நான் அழுதேன்.

சம்பந்தியம்மாள் கையைத் தாய் கையாக நினைத்துக்கொள். தலை முழுகிவிட்டு அழு, ஆனால் சாப்பிட்டுவிட்டு அழு. உனக்கும் பிள்ளைக்கும் நம் மாலைக்கோவில் சாமி துணை இருக்கட்டும், சுகமாகப் பெற்றுப் பிழைத்து நீ நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு. பிள்ளை பிறந்ததும் தொட்டில் கட்டுகிற வரைக்கும் பேர் வைக்கக் காத்திருக்காதீர்கள், கண்படும் என்று எண்ணிக்கையை மறைக்காதீர்கள், ஆணோ பெண்ணோ அன்றைக்கே மாப்பிள்ளையை ரேஷன் கடைக்குப் போய் வீட்டில் ஓர் ஆள் கூடியிருக்கிறது என்று உரக்கச் சொல்லி எழுதிவிட்டு வரச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. ராக்கையா