பதினோராம் நாள் அவள் தின்ற கேப்பை அடை

திண்டிவனம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஹர்ஷினிக்கு,

அருகன் அருளால் நானும் அம்மாவும் உன் மகள் சன்மதியும் சுகமாக இருக்கிறோம்; டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் நினைப்பு. குழந்தை சாப்பிடவில்லை, எடை குறைந்துவிட்டது என்று கேட்டதும் பயிற்சியைப் பாதியில் விட்டு வருகிறேன் என்றாய். டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

தப்பு என்னுடையது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது நம் சமண வழக்கம். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று அம்மா சொல்லியும் நான் கேட்கவில்லை. ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்தவளை உட்காரவைத்து, ஜல்தி ஜல்தி, பொழுது போய்க்கினு இருக்குது பாரு என்று ஊட்டுவேன். வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டு மலர்விழி, எம்புள்ள தட்டக்கூட தின்னுடுவான் சார், அனுப்பட்டுமா என்று கிண்டல் செய்தாள். அவள் மகன் யார் கூப்பிட்டாலும் மடியில் ஏறுகிறவன். நம் குழந்தையோ தபால்காரரைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் போய், வெகுநேரம் கழித்து ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பவள். போன மாதம் ஒருநாள் அம்மா கேப்பை அடையை அவள் தட்டில் வைத்துவிட்டு, நீங்க வாத்தியாரா இருந்தது போதும், கம்முனு குந்துங்க என்று என்னை அடக்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் விளக்கு போட்ட பிறகு ஒரு அடை, ஒரு வார்த்தை கிடையாது. முதல் நாள் சன்மதி அதன் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் பார்த்தாள். நான்காம் நாள் விரலால் தொட்டு, விரலை மோந்தாள். ஏழாம் நாள் நக்கிவிட்டுக் கீழே வைத்தாள். பதினோராம் நாள் ஓரத்தைக் கடித்தாள், மென்றாள், முழு அடையும் போயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது ஹர்ஷினி. புது ஆளிடம் எப்படிப் போகிறாளோ அப்படியேதான் புதுச் சாப்பாட்டிடமும் போகிறாள்! முப்பத்து நான்கு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். முதல் நாள் வாசல்படியைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகள்தான் மதியம் டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல், பிடிவாதம் என்று எத்தனை வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று மாலை நான் மேற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தவள் என் கையைப் பிடித்து, ஜல்தி வேணாம் தாத்தா, மொதல்ல மோந்து பாரு என்றாள். நானும் குனிந்து மோந்தேன்.

எடை முன்னூறு கிராம் ஏறியிருக்கிறது. பயிற்சியை நல்லபடியாக முடி, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வை. வீடியோவில் வந்ததும் சாப்பிட்டியா என்று கேட்காதே. இத்தனை நாள் பிரிந்திருந்ததில் உன் முகத்தைப் பார்த்தும் அவள் கதவுக்குப் பின்னால் போனால் மனம் உடைந்து போனை வைத்துவிடாதே. பேசாமல் இரு. அந்த ஒரு கண் வரும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தேவகுமார்