ரேமுக்கு வைத்த பொட்டு

மாசி, செவ்வாய்க்கிழமை

நேற்றிலிருந்து சாமி படத்தடியில் இருந்த புது ரேம் மெமரித் தகட்டை இன்று சாயங்காலம், ரிப்பேருக்காக வீட்டுக்கு வந்திருந்த ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒயரைப் பிடுங்கி, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க இரும்பு ஜன்னலைத் தொட்ட பிறகுதான் கையில் எடுத்தேன். மூடுபனியில் வெளிச்சம் போதவில்லை. ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வந்தது. மறுபடி ஒயரைப் பிடுங்கி, செல் லைட்டில் கழற்றிப் பார்த்தேன். தகட்டின் ஓரத்துத் தங்க நிறப் பற்களில் குங்குமம்.

"ஏனுங்க, இதுலயா பொட்டு வெப்பீங்க?"

வாசலில் காயவைத்த மிளகை அள்ளிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "புதுப் பொருளாச்சே கண்ணு" என்றார். இன்னும் நாலு வார்த்தை திட்டினேன்.

ரப்பரால் துடைத்துச் செருகினேன். இரண்டு பக்கமும் கொக்கி டக்கென்று பூட்டியது. கம்ப்யூட்டர் ஓடியது.

முதலில் ஓடாமல் போனது குங்குமத்தாலா? முதல் தடவை செருகியபோது கொக்கி பூட்டும் அந்த டக் சத்தம் கேட்டதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவரைத் திட்டியது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.