வீரைக்காட்டுக்கு இரண்டு துறைகள்

ஜூலை 3

கிளியனூரில் பேருந்து பிடிக்கத் தாமதம். திண்டிவனம் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தலைமை எழுத்தர் சுப்புராயன் சார், "உங்க ஊரு விஷயம் வந்திருக்கும்மா. நீயே பாரு" என்றார்.

எங்கள் ஊரை ஒட்டியது வீரைக்காடு. வீரை, காசா, களா, இரும்புளி என்று பின்னிக்கிடக்கும் குட்டைக் காடு. வருவாய்த் துறைக் கணக்கில் அது தரிசு. வரி வராத நிலம், ஆகவே தரிசு.

வனத் துறை கேட்கிறது: எங்களிடம் கொடுங்கள், காப்புக்காடாக்கி வேலி போடுகிறோம். கிடங்கு கட்டும் நிறுவனம் ஒன்றும் கேட்கிறது. நெடுஞ்சாலை பக்கம்தானே. யாருக்குக் கொடுக்கலாம் என்று நான் குறிப்பு எழுத வேண்டும்.

தத்துவம் படித்துவிட்டு இளநிலை உதவியாளர் ஆனவள். ஒரு காடு யாருடையது என்று என்னைக் கேட்கிறார்கள்.

ஜூலை 4

தம்பி அரி வனக் காப்பாளர். போன மாதம்தான் எங்கள் பக்கத்துக்கு மாற்றல். இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"உங்க கையில இருந்தா எவனுக்காவது தூக்கிக் குடுத்துடுவீங்கக்கா."

"உங்க கையில வந்தா பூட்டிடுவீங்க."

"பூட்டினாத்தான் காடு மிஞ்சும்."

அம்மா சட்டியை நடுவில் வைத்தாள். "ரெண்டு டிபார்ட்மெண்டையும் நான்தான் பெத்தேன். கொழம்பு வேணுமா வேணாமா?"

அம்மாவின் ஆடுகள் மேய்வது வீரைக்காட்டில். வேறு மேய்ச்சல் இல்லை. வேலி வந்தாலும் கிடங்கு வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். அதை அவள் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூலை 9

எழுதவில்லை. குறிப்பில் ஒரு வரிகூட.

ஜூலை 16

அரி அம்மாவின் ஆடுகளைப் பிடித்துவிட்டான்.

நம்ப முடியவில்லை, எழுதியபிறகும். காட்டோரம் வனத் துறைப் பலகை நட்டிருக்கிறார்கள். பலகை வந்துவிட்டதால் காடும் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். அம்மா மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த நேரம். மொத்த மந்தையையும் ஓட்டிப்போய் வனச்சரக அலுவலக வளாகத்தில் அடைத்திருக்கிறான்.

மாலை அவன் வந்தபோது அம்மா எழுந்து நின்றாள். "வாங்க ஆபீசர் சார். நாற்காலி போடவா?"

"யம்மா, ட்யூட்டிம்மா அது. நம்ம ஆடுன்னு உட்டா ஊர்ல நாளைக்கு எவன் மதிப்பான்?"

"அடேங்கப்பா. பால் குடிச்ச ஆட்ட புடிச்சிகினு போயிருக்கான், மரியாத வேணுமாம்."

சின்ன வயதில் அவனுக்கு ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தாளாம். எனக்கு இது தெரியாது. சிரித்துவிட்டேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

ஜூலை 17

சிரிப்பு போய்விட்டது.

காப்புக்காடு அறிவிப்பு இன்னும் முடியவில்லை. சட்டப்படி அது வருவாய் நிலம்தான். அரி பிடித்தது தவறு. வனச்சரகர் ஆரோக்கியராஜுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஆடுகளை விட்டால் காடு தங்களுடையதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். வைத்துக்கொள்ளவும் அதிகாரம் இல்லை. ஆடுகள் அங்கேயே.

சுப்புராயன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அம்மாகிட்ட ஒரு புகார் எழுதி வாங்கிடும்மா. வனத் துறை எல்லை மீறிச்சுன்னு. அது ஒண்ணு போதும், நிலம் நம்மகிட்டயே நிக்கும்."

"புகார் யார் மேல சார்?"

"ஆட்டைப் பிடிச்ச ஆள் மேல."

அவருக்குத் தெரியும், அது யார் என்று. கெட்டவர் இல்லை. துறைக்காரர். நிலம் நம்மிடம் நின்றால் அடுத்த வாரமே கிடங்குக்குப் போகும். அதுவும் தெரியும் அவருக்கு.

அரிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போதும்.

பேருந்து முழுக்க இதே. ஆடு வேண்டும் என்றால் தம்பி போவான். தம்பி வேண்டும் என்றால் —

வீட்டில் சொன்னேன். அம்மா கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டே கேட்டாள். நிமிரவில்லை.

"என் ஆட்ட என் புள்ள புடிச்சான். இதுல கவருமெண்டுக்கு இன்னா வேல?"

ஜூலை 18

ஆடுகள் வந்துவிட்டன. வளாகத்துக்குள்ளேயே நாற்றங்கால். நாவல் கன்றுகள், பூவரசுக் கன்றுகள், மொத்தமும் மொட்டை. ஆரோக்கியராஜே கதவைத் திறந்துவிட்டாராம். "எந்தத் துறையாவது இருக்கட்டும், முதல்ல இதுங்கள ஓட்டு" என்றாராம். அரிதான் சொன்னான். அவனுக்கு மெமோ இல்லை. திட்டு மட்டும்.

அம்மா அவனுக்கு மீன் வறுத்து வைத்திருந்தாள். தட்டில் வைத்தாள்.

ஜூலை 27

ஞாயிறு. அரியோடு காட்டைச் சுற்றி நடந்தேன். எதிரெதிர் துறைகள், ஒரே குடை.

மேற்கே ஒரு பகுதி கரம்பாகிக் கிடந்தது. ஆடுகள் துளிரைத் தின்று தின்று களா தரையோடு படுத்திருக்கிறது. அரி சொல்வது பொய்யில்லை. இதை நான் பார்க்க விரும்பாமல் இருந்தேனா?

வடக்கே குழி குழியாக இருந்தது. மரம் நடும் விழாவுக்காக இயந்திரம் வைத்துத் தோண்டியதாம். காட்டை வெட்டிக் கன்று நட்டிருக்கிறார்கள். கன்றும் காய்ந்துவிட்டது.

"இது யாரு பண்ணது?"

அரி குடையைக் கை மாற்றினான். "நாங்கதான்."

கொஞ்ச தூரம் போய் அவனே கேட்டான். "அக்கா, மெய்யாலுமே சொல்லு. யார்கிட்ட இருந்தா நல்லா இருக்கும்?"

தெரியவில்லை என்றேன். பொறுப்பு என்பதும் உரிமை என்பதும் ஒரே கையில்தான் இருக்க வேண்டுமா? இதை அவனிடம் கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

ஆகஸ்ட் 15

கிராம சபை. ஊராட்சித் தலைவர் கலைப்பிரியா அக்காவிடம் முன்பே கெஞ்சி வைத்திருந்தேன், வீரைக்காட்டை விவாதத்துக்கு எடுங்கள் என்று. ஆரோக்கியராஜும் வந்தார், வெள்ளைச் சட்டையில், ஆட்கள் இல்லாமல்.

காட்டை நாமே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார் தலைவர். பாதியை மூடி, பாதியில் மேய்த்து.

பச்சைமுத்து மாமா உடனே எழுந்தார். "கிழக்கால பாதிய மூடலாம்."

"உன் ஊடு மேற்கால கீது. அதான் கிழக்கால மூடுறியா?" — அம்மா.

பந்தலே சிரித்தது. பிறகு சண்டை. நல்ல சண்டை. யார் மேய்த்து யார் கெடுத்தது, எந்தப் பக்கம் தண்ணீர், யார் வீட்டு மாடு. முடிவில் மேற்கை முதலில் மூடுவது, பிறகு மாற்றிக்கொள்வது என்று வந்தது. வருடத்துக்கு ஒருமுறை என்றார்கள்.

ஆரோக்கியராஜ் தயங்கித் தயங்கி எழுந்தார். "ஒரு வருஷம் பத்தாதுங்க. மூணு வருஷமாவது உட்டாத்தான் களா தலை தூக்கும்."

"மூணு வருசமா? அதுக்குள்ள என் ஆடெல்லாம் கெழடு தட்டிடும்" என்றாள் அம்மா.

மூன்று வருடத்துக்குக் கையைத் தூக்கச் சொன்னபோது, கடைசியாகத் தூக்கினாள். பாதி உயரம்தான்.

ஆகஸ்ட் 19

குறிப்பை எழுதிவிட்டேன். நிலம் வருவாய்த் துறையின் பெயரிலேயே இருக்கட்டும், யாருக்கும் ஒதுக்கக் கூடாது. வனத் துறை ஆலோசனை சொல்லட்டும், வேலி வேண்டாம். மேய்ச்சலையும் காவலையும் ஊராட்சிக் குழு பார்க்கட்டும். தீர்மானம் இணைப்பு.

சுப்புராயன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்குக் கொடுக்கலாம்னு கேட்டா, யாருக்கும் கொடுக்காதேன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"பேஜாரு புடிச்ச பொண்ணும்மா நீ."

மாற்றவில்லை. மேலே அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 2

மேலிருந்து பதில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 11

கிடங்குக்காரர்கள் வந்து சார்-ஆட்சியரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? மத்தியானம் சாப்பிடவில்லை.

செப்டம்பர் 24

விழுப்புரம். ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். எனக்கு உள்ளே இடமில்லை, வராந்தா பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் அரி, ஆரோக்கியராஜைக் கூட்டி வந்தவன். இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்தோம். பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து வேர்க்கடலை மிட்டாய் எடுத்து உடைத்து ஒரு துண்டு நீட்டினான்.

சுப்புராயன் சார் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடந்து போய், நின்று, திரும்பி வந்தார்.

"மூணு வருஷம் சோதனைக்கு. நீ எழுதினபடியே. கிடங்குக்கு வேற இடம் பார்க்கச் சொல்லிட்டாங்க."

ஆரோக்கியராஜ் அரியிடம், "வேலிக் கம்பி இறக்கி வச்சிருக்கோமே, அத இன்னா பண்றது?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.

மூன்று வருடம். அதற்குப் பிறகு மறுபடி யார்? இன்றைக்கு இந்தக் கேள்வி பயமாக இல்லை. கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நவம்பர் 12

நல்ல மழை விட்டிருக்கிறது. பேருந்து வீரைக்காட்டு வளைவில் மெதுவாகப் போனது. சன்னல் ஓரம் நான்.

அம்மா ஆடுகளோடு வண்டிப் பாதையில் நின்றிருந்தாள். மேற்கே மூடிய பக்கம். வேலி இல்லை. காவல் முறைக்காரர் யாரும் இல்லை. மழைக்குக் களாவெல்லாம் துளிர்த்துச் செம்பச்சையாய் நின்றது. ஆடுகள் முதலில் பார்த்தன. அம்மாவும் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

கழியை நீட்டி, "ஏய், அந்தாண்ட" என்று கிழக்கே திருப்பினாள்.

என்னை அவள் பார்க்கவில்லை.