புதுக் கேமராவின் மேல் ஒரு புகார்

ஸ்டுடியோ,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். கப்பலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன் இருக்க இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைக்காதே. போனை எடுத்தால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். நான் ஒரு வார்த்தை பேசினால் ஒன்பது வார்த்தை திருத்துகிறாள். இதை உன் கம்பெனி ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன், அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடும்.

நீ அனுப்பிய கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது உன் அக்கா, "என் தம்பி அனுப்பினது, என் தம்பி அனுப்பினது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்க்கடைத் தையல்காரர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்த்தார். "இதுல எடுத்தா நாம அழகா இருப்போமா?" என்று கேட்டார். கேமராவால் ஓரளவுதான் செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் கல்யாணத்தை இந்தக் கேமராவில்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். எனக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உனக்குத் தெரியாது. ஆகையால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வாரம் முறையாகச் சோதித்துப் பார்த்தேன். அதன் முடிவைத்தான் எழுதப் போகிறேன். கோபப்படாமல் படி.

பழசுக்கு வயது பதினொன்று. பன்னிரண்டு மெகாபிக்சல். கைப்பிடியில் ரப்பர் உரிந்து, நான்தான் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஷட்டர் அடித்தால் கதவைச் சாத்தின மாதிரி சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் மூச்சை விட்டுவிட்டுப் பந்திக்குப் போவார்கள். புதுசு நாற்பத்தைந்து மெகாபிக்சல். சத்தமே போடுவதில்லை. எடுத்து முடித்த பிறகும் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டே நிற்கிறார்கள். "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்று கேட்டு உயிரை வாங்குகிறார்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் பழசு எடுத்தால் ரவை தூவின மாதிரி வரும். புதுசு அதே இடத்தில் பட்டப்பகல் மாதிரி எடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பேட்டரி இரண்டு நாள் நிற்கிறது. ஆனால் மெனுவைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. கூட வந்த கையேட்டை உன் அக்கா மாவு டப்பாவுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறாள். அதற்குத்தான் சரியான தடிமன்.

அப்புறம் இந்த ஆட்டோ ஃபோகஸ். நூற்றைம்பது இடத்தில் தெளிவை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். நான் முதல் நாளே அணைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாக வலது கண்ணால் பார்த்து, கையால் லென்ஸைத் திருப்பித்தான் எடுக்கிறேன். என் வேலையை அது ஏன் பார்க்க வேண்டும்?

இனிமேல்தான் விஷயம். ஸ்டுடியோவுக்குள் புதுசில் எடுத்த பாஸ்போர்ட் படங்கள் அத்தனையும் கூர்மை. நாற்காலியும் ஸ்டாண்டும் தரையில் டேப் ஒட்டின இடத்தை விட்டு நகருவதில்லையே, லென்ஸ் அளவும் அப்படியே நிற்கிறது. கொஞ்சம் அளவுக்கு மீறிய கூர்மைதான். தையல்காரர் சம்சாரம் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டது. ஆனால் வெளியே எடுத்துக்கொண்டு போனால் மானம் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வீட்டில் குழந்தைக்கு முதல் பிறந்த நாள். நானூறு படம் எடுத்தேன். குழந்தையின் முகம் மங்கல், பின்னால் தொங்கின பலூன் தெளிவு. அப்பா மங்கல், அவர் தோளுக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச் போர்டு தெளிவு. பல் டாக்டர் ஒவ்வொரு படத்தையும் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஆகவே மச்சான், கேமராவில் கோளாறு. சந்தேகமே இல்லை. கடைக்காரன் உன் தலையில் கட்டிவிட்டான். உன் கல்யாணத்தைப் பழசிலேயே எடுக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நன்மையை நினைக்கும்
மாமா.

ஸ்டுடியோ,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் பதில் கிடைத்தது. அதில் எழுத்தை விட ஆச்சரியக்குறிதான் அதிகம். நாலு துறைமுகத்தில் விசாரித்து வாங்கினேன், கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை, முதலில் ஆட்டோ ஃபோகஸைப் போடுங்கள் மாமா என்று எழுதியிருக்கிறாய். போதாததற்கு உன் அக்காவுக்கும் தனியாக எழுதிவிட்டாய். நான் உனக்கு என்ன பாவம் செய்தேன்?

அவள் கடிதத்தைப் படித்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை வெட்டிக் கவரில் போட்டிருக்கிறாளே தவிர, ஒரு நாளும் கேமராவைத் தொட்டதில்லை. புதுசை எடுத்துக் கண்ணில் வைத்து வாசல் பக்கம் பார்த்தாள். "நல்லாத்தானே தெரியுது! தையல்காரர் வாயில இருக்கிற ஊசிகூடத் தெரியுது" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். தையல்காரரே சரியாகத் தெரியவில்லை, ஊசிக்கு எங்கே போவது?

பழசை அவள் கையில் கொடுத்து, "இப்ப இதுல பாரு, தெளிவுன்னா என்னன்னு தெரியும்" என்றேன். பார்த்தாள். "ஐயோ, இதுல ஒண்ணுமே தெரியலையே! பனியில பார்க்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு நன்றாகவே தெரிந்தது. உனக்குக் கண் தெரியவில்லை என்றேன். உங்களுக்குத்தான் தெரியவில்லை என்றாள். அவளுக்குத் தெரிகிற கேமராவில் எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிற கேமராவில் அவளுக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு கத்தினோம். படம் எடுக்க வந்த வக்கீல் வாசலிலேயே நின்றுவிட்டு, சமாதானமாகப் போகிறீர்களா என்று கேட்டார்.

கடைசியில் நம் ரிப்பேர்காரன் திருகாணியை வரவழைத்தோம். அவனை உனக்குத் தெரியுமே, சட்டைப் பையில் எப்போதும் நாலு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவன். புதுசைப் பிடித்து எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை எடுத்தான். தேதி, கிழமை, கீழே அச்சிட்டவன் விலாசம் உட்படத் தெரிந்தது. "இதுல ஒரு குறையும் இல்ல அண்ணே" என்றான். அப்புறம் பழசை எடுத்தான். கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தகுந்தபடி அதைத் திருப்பிக்கொண்டால் உள்ளே தெளிவாகத் தெரியும். படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நம் கண்ணுக்கும் அதற்கும்தான் சம்பந்தம்.

எனக்கு அது தெரியாமல் இல்லை. எப்போதாவது மங்கினால் கட்டை விரலால் ஒரு பல் திருப்புவேன், தெளிந்துவிடும். சில மாதம் கழித்து இன்னொரு பல். மூக்கு அரித்தால் சொறிவது மாதிரி, யோசித்துச் செய்ததில்லை. புதுசில் அந்தச் சக்கரத்தை வெளியே இழுத்துத்தான் திருப்ப வேண்டுமாம். அது கையேட்டில் இருக்கிறதாம். கையேடு மாவு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

திருகாணி பழசின் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான், அசையவில்லை. "அண்ணே, இது கடைசி வரைக்கும் திருகியிருக்கு. இதுக்கு மேல திருக இடமில்ல" என்றான். புதுசிலும் அதே மாதிரி கடைசி வரை திருப்பிக் கொடுத்தான். கொஞ்சம் தெளிந்தது. முழுவதும் தெளியவில்லை, இதன் சக்கரம் பழசின் அளவுக்குத் திரும்பாதாம். "கேமராவைப் பார்த்தாச்சு அண்ணே, இனிமே கண்ணைத்தான் காட்டணும்" என்றான்.

அவனுக்கு என்ன தெரியும், ஸ்க்ரூ முடுக்குகிறவன். எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. பேப்பர் படிக்கிறேன், ரோட்டைத் தாண்டுகிறேன். உன் அக்கா சாயங்காலம் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் மனசாந்திக்காகத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா.

வீடு,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் அவசரம் என்று நினைத்துக்கொள்.

கண் டாக்டரம்மா நல்ல மாதிரி. எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து முதலில் வலது கண்ணை மூடச் சொன்னார். இடது கண்ணால் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தேன். பெருமையாக உன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்து இடது கண்ணை மூடச் சொன்னார். மச்சான், மேலே ஒரு பெரிய எழுத்து இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. நான் முழிப்பதைப் பார்த்து உன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை, பின்னால் இருந்து அவளே மூன்று வரி வாசித்துவிட்டாள். அம்மாவுக்குப் பார்வை பிரமாதம் என்றார் டாக்டரம்மா.

வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறதாம். இடது கண் சுமந்துகொண்டு வந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. படம் எடுக்கும்போது மட்டும்தான் இடது கண்ணை மூடுகிறேன், அங்கே அந்தச் சக்கரம் காப்பாற்றியிருக்கிறது. "பழைய லென்ஸை எடுத்துட்டுப் புது லென்ஸ் வச்சிடுவோம், பயப்படாதீங்க" என்றார். லென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அதில் ஜூம் உண்டா என்று கேட்டேன். இல்லை, தூரத்துக்கு மட்டும்தான், கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி போட வேண்டும் என்றார். கேமரா லென்ஸ் மாதிரி பூஞ்சை பிடிக்குமா, மழைக்காலத்தில் எப்படி என்றெல்லாம் கேட்டேன். இருபது வருஷமாக ஆபரேஷன் செய்கிறேன், இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். உன் அக்கா என் தொடையைக் கிள்ளிவிட்டாள்.

முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன் கேமராவை ஊர் முழுக்கக் குறை சொன்னேன். அது முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குழந்தையை மறுபடி எடுத்துக் கொடுத்தேன், ஆட்டோ ஃபோகஸ் போட்டு. குழந்தை ஓடினால் அதுவும் கூடவே ஓடிக் கண்ணைப் பிடிக்கிறது. இந்தச் சனியனை இத்தனை நாள் அணைத்து வைத்திருந்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். உன் கல்யாணம் அடுத்த மாதம் இருபதாம் தேதி. உன் அக்கா ஆபரேஷனை அதே மாதம் எட்டாம் தேதிக்குக் குறித்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது. அப்படியென்றால் உன் கல்யாணத்தில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், எவனோ ஒருவன் படம் எடுப்பான். கல்யாணம் முடிந்து செய்துகொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். உங்களுக்குப் படம் பெரிசா, கண் பெரிசா என்று கேட்கிறாள். டாக்டரம்மாவிடம் நான் தனியாகக் கேட்டேன். பதினைந்து நாள் தள்ளுவதால் ஒன்றும் கெட்டுவிடாது என்று அவரே சொல்லிவிட்டார். உன் அக்கா அதை நம்ப மாட்டேன் என்கிறாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். எல்லோருக்கும் நல்லபடியாகத்தான் நடக்கிறதாம். ஆனால் நூற்றில் ஒருவனாக நான் இருந்துவிட்டால்? நான் வேலை செய்கிற கண் அது ஒன்றுதான். இந்தக் கண்ணால் கடைசியாக எடுத்தது ஒரு பாஸ்போர்ட் போட்டோவாக இருக்கக் கூடாது. அதுவும் அந்த வக்கீலுடையதாக இருக்கக் கூடாது. உன் கல்யாணமாக இருக்கட்டும். உன் அக்காவோடு எனக்குக் கல்யாணம் ஆனபோது நீ என் இடுப்பு உயரம் இருந்தாய். உன் முதல் வேலைக்கான விண்ணப்பத்தில் ஒட்டின படம்கூட நான் எடுத்ததுதான். இதை மட்டும் இன்னொருவனுக்கு விட எனக்கு மனசு வரவில்லை.

நீ சொன்னால் உன் அக்கா கேட்பாள். கல்யாணம் முடிந்த மறுநாளே மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று அவளுக்கு உன் கையால் எழுது. அழைத்துப் போகவும் வேண்டும். புது மாப்பிள்ளையை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைப்பது நியாயமில்லைதான், உன் மனைவியிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது தெரிந்த முகம் ஒன்று வாசலில் நின்றால் போதும்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். இன்று மதியம் புதுக் கேமராவில் உன் அக்காவை எடுத்தது. கல்லாவில் உட்கார்ந்து கவர் எழுதிக்கொண்டிருந்தாள், சத்தம் வராததால் எடுத்தது அவளுக்குத் தெரியாது. டாக்டரிடம் போய் வந்ததிலிருந்து என்னிடம் திட்டுவதைத் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இமையெல்லாம் வீங்கிச் சிவந்திருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது. என் கண்ணை நான் இப்போது நம்புவதில்லை. நீ நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துச் சொல்.

நீயும் வரப்போகிற பெண்ணும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். சீக்கிரம் வந்து சேர்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும்
மாமா.