தவக்களை வண்டியின் செயின்

ஜூலை 14, திங்கள்

காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பால் திரிஞ்சி பூட்ச்சி" என்றார். தெருவில் யாருமில்லை. எனக்குத்தான் சொல்கிறார்.

கல்யாணமாகி வடக்குப்பட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். தமிழ்வாணன் வீட்டில் இருந்தால் "அதுங்கிட்ட சொல்லு" என்று மகனிடம் சொல்வார். இல்லாவிட்டால் தெரு, சுவர், மின்விசிறி. சர்ச்சுக்குப் போகிற பெண்ணை மகன் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்ற கோபம். இன்னமும் அது கோபம்தானா, இல்லை பழகிப்போன கூச்சமா? அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

கடுங்காப்பி போட்டு வைத்தேன். குடித்தார்.

ஜூலை 16, புதன்

தமிழ் ஒரகடத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறான். மாடி வீடு, எங்கள் இரண்டு பேருக்கும் கம்பெனி பக்கம். மாமாவை மணிமங்கலத்தில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் விட்டுவிடலாம் என்கிறான்.

"அவர கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவாரா? போற அன்னிக்கி சொல்லிக்கலாம்."

எனக்கு அந்த வீடு பிடித்திருக்கிறது. பிடிக்காத மாதிரி இங்கே எழுதிவைத்து யாரை ஏமாற்றப் போகிறேன்? ஆனாலும் இப்படியா?

ஜூலை 17, வியாழன்

உடம்பெல்லாம் வலி. நடந்ததை எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

போன வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலம் இழந்தன. மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து அப்போது வாங்கியதுதான் அந்த ஏடிவி வண்டி. மணலில் பிள்ளைகள் ஓட்டி விளையாடுகிற பச்சை வண்டி, தடித்த நான்கு சக்கரம். கியர் கிடையாது. வலது கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும், வலது காலால் மிதித்தால் நிற்கும். ஊரில் தவக்களை வண்டி என்று சிரிப்பார்கள். ஏரிக்கரை வழியாக, விற்காமல் மிச்சம் வைத்திருக்கும் கத்திரித் தோட்டத்துக்கு மாமா அதில்தான் போய் வருவார். அது இல்லாவிட்டால் வாசல் கேட்டைத் தாண்ட மாட்டார்.

இன்று சாயங்காலம் திரும்பி வரவில்லை. போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரையில், சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து, ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். செயின் அறுந்து சீட்டின் மேல் கிடந்தது.

"ஸ்கூட்டில ஏறுங்க மாமா. வண்டிய அப்புறம் எடுத்துக்கலாம்."

ஏரியைப் பார்த்துச் சொன்னார்: "இத்த உட்டுட்டு வூட்ல குந்திகினு இன்னா பண்றது?"

நான் ஸ்கூட்டியைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் நின்று தள்ளினேன். கரை இறக்கத்தில் மாடு ஓட்டி வந்த முனியம்மாள் அக்காவும் கை கொடுத்தார்.

ஜூலை 18, வெள்ளி

"நல்லதாப் போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றான் தமிழ் நேற்று ராத்திரி, மாமாவின் காதில் விழுகிற மாதிரி. மாமா சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்தேன். காலையிலும் அப்படியே இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும், அறுந்த செயினைப் பையில் போட்டுக்கொண்டு ஒரகடத்தில் சக்திகுமாரின் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பார்த்தார். ஒரே ஒரு கண்ணியின் தகடுதான் விட்டுப்போயிருக்கிறதாம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். அந்தக் கண்ணியைக் கழற்றிவிட்டு இரண்டு முனையையும் இணைக்க ஒரு செயின் லாக் போட்டால் போதும்.

"வண்டிய கொண்டாங்க, போட்டுத் தர்றேன்."

"வண்டி எப்டிண்ணே வரும்? அதுக்குத்தான் செயினே இல்லியே."

சிரித்துவிட்டு, லாக்கோடு உள்ளங்கை அளவில் ஒரு கருவியையும் எடுத்து வைத்தார். செயின் கட்டர். இரும்புச் சட்டம், அதில் ஒரு திருகு, திருகின் முனையில் ஊசி. "ஊசிய, கண்ணிய கோத்திருக்கிற பின்னு மேல நேரா வெச்சி மெல்ல திருவுங்க. பின்னு அந்தாண்ட பக்கம் வந்துடும். கோணலா வெச்சீங்க, ஊசி பூடும்."

நான் எதற்காக இதையெல்லாம் செய்கிறேன்? பரிதாபம் மட்டும் இல்லை. அவர் காலையில் தோட்டத்துக்குப் போனால்தான் எனக்கும் வீட்டில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அதுவும் உண்மை.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். கம்பெனியில் தினமும் ஸ்க்ரூ முடுக்குகிறவள்தானே என்ற தைரியம். ஊசி பின்னின் மேல் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டே போனது. கோபத்தில் பலமாகத் திருகினேன். டக். ஊசி உடைந்துவிட்டது.

மாமா சுவரைப் பார்த்து, "அவசரம்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "செவுத்துகிட்ட இன்னா மாமா பேச்சு? நான் இங்கதான குந்திகினு கீறேன்? தப்புன்னா என் மூஞ்சிய பாத்து தப்புன்னு சொல்லுங்க! எத்தினி நாளுக்குத்தான் இந்த வூட்ல நான் இல்லாத மாதிரியே இருப்பீங்க?"

எழுந்து உள்ளே போய்விட்டார். சே — உடம்புக்கு முடியாதவரிடம் போய்!

ஜூலை 21, திங்கள்

சுவரிடம்கூட அவர் பேசவில்லை.

ஜூலை 24, வியாழன்

கேட்டைத் திறந்தால் அரம் தேய்க்கிற சத்தம். மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். செயினை வலது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டருக்குப் புது ஊசி. சக்திகுமாருக்கு அவரே போன் செய்து, கம்பெனி வேனில் வருகிற பையன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தார். என்னைத்தான்.

"பின்னு தல சப்பையா கீது. அதான் ஊசி வழுக்கிச்சி. தேச்சி உட்டுட்டேன். நீ புட்ச்சிக்கோ, நான் திருவுறேன். ஒரு கையில ரெண்டும் முடியல."

யாரிடம் பேசுகிறார் என்று ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்த்தேன்! டிபன் பையைக்கூடக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்தேன்.

செயினைச் சட்டத்தில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சம் மேல மாமா... இல்ல, பூட்ச்சி... ஆங், இப்ப நேரா கீது." அவர் கொஞ்சம் திருகினார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மறுபடி திருகினார். அந்தப் பின் அசையவே அசையாது போலிருந்தது. திடீரென்று இளகியது. மறுபக்கம் மெல்லத் தலை நீட்டி, சிமெண்ட் தரையில் டிங் என்று விழுந்தது.

"வந்துட்ச்சி பாரு!" என்றார். இந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது இன்றுதான்.

இரண்டாவது பின்னும் வந்தது. செயினைப் பல்சக்கரத்தில் சுற்றி, லாக்கைக் கோர்த்து, அதன் மேல் சின்னக் கிளிப்பை மாட்டினோம். என் சுடிதார் முழுக்க கிரீஸ். போனால் போகட்டும்.

ஜூலை 26, சனி

தவக்களை ஓடுகிறது! தமிழ் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று எனக்கு லீவு. துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தெரு முனையில் மாமா வருவது தெரிந்தது. வண்டி இல்லை. ஒரு கழியை ஊன்றிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து... நடந்து வருகிறார்.

கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "மாமா! இன்னா ஆச்சு?"

"கிளிப்ப திருப்பி மாட்டிட்டோம்மா. அதோட தொறந்த வாய் பின்னாடி பாக்கணும். நாம முன்னாடி உட்டுட்டோம். ஓட ஓட எங்கியோ இட்ச்சி தெறிச்சிட்ச்சி. லாக்கும் வுழுந்து பூட்ச்சி. செயின் அப்டியே கீது, ஒண்ணும் ஆவல."

"அது கெடக்கட்டும். ஏரிக்கரையிலேர்ந்து நடந்தா வந்தீங்க?"

திரும்பிப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது போல.

"கிளிப்பு ஏன் தெறிச்சிதுன்னு யோசிச்சிகினே வந்தேன்" என்றார். "தூரம் தெர்ல."

பிசியோதெரபி பெண் எத்தனை முறை கெஞ்சியிருப்பாள், தெருமுனை வரை நடங்கள் என்று! அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சமையலறைக்குள் வந்து அழுதேன். துக்கம் இல்லை. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புது லாக் வாங்கி வந்து, ஏரிக்கரையில் நின்ற வண்டியில் மாட்டினோம். இந்த முறை கிளிப்பைச் சரியாகப் போட்டோம். தமிழும் கரைக்கு வந்து செயினை இழுத்துப் பிடித்தான். மூன்று பேர் கையிலும் கிரீஸ்.

அங்கேயே மாமா மகனிடம் சொன்னார்: "ஒரகடத்துல வூடு பாத்துகினு கீறன்னு உங்கத்த போன்ல சொல்லிச்சி. நல்லா இருந்தா ரெண்டு பேரும் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா மணிமங்கலம் அனுப்பாத. நான் இங்கியே இருந்துக்குவேன்."

தமிழ் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லப்பா... சும்மா பாத்தேன்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டான். ஒரகடத்து வீட்டுக்காரர் பதில் எதிர்பார்க்கிறாராம்.

வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

நல்ல மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், பஸ் நிறுத்தம் வரை ஸ்கூட்டி போகாது. லீவு சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். வெளியே தவக்களையின் சத்தம். "ஏறு, நேரம் ஆவுது" என்றார் மாமா.

பின்னால் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டேன். நாங்கள் போவதற்குள் கம்பெனி பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. மாமா ஓரமாக ஏற்றி, டிரைவரின் ஜன்னலுக்கு நேராகப் போய்க் கத்தினார்: "ஒரு ஆளு ஏறணும்! இன்னா அவ்ளோ அவசரம் உனுக்கு?"

பஸ் நின்றது. உள்ளே என் லைனில் இருக்கிற பெண்கள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு விசில் அடித்தார்கள். "யார்டி அது, உங்கப்பாவா?" என்றாள் பூஜா. மாமனார் என்றேன். நம்பவில்லை.

மதியமே மழை விட்டுவிட்டது. திரும்பி வரும்போது ரோட்டில் தண்ணீர் வடிந்திருந்தது. நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் எங்கள் நிறுத்தத்துக்குத் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புளியமரத்தடியில் பச்சை வண்டி நின்றுகொண்டிருந்தது. மாமா சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.